புலனக் குழுவும் ஊர் நம்பிக்கையும்: மெர்சிங்கிலிருந்து ஒரு பார்வை

ஜோகூரின் கிழக்குக் கரையில் இருக்கும் மெர்சிங்கில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் சாவு நேர்ந்தால், செய்தி புலனக் குழுவில்தான் முதலில் வருகிறது. வாட்ஸ்அப்பை மலேசியத் தமிழர்கள் புலனம் என்றுதான் சொல்கிறோம். இறந்தவரின் படம், வயது, வீட்டு முகவரி, உடல் எடுக்கும் நேரம், எந்த இடுகாடு, யாரை அழைத்துக் கேட்பது என எல்லாம் அந்த ஒரே செய்தியில் இருக்கும். அரை மணி நேரத்துக்குள் அது குளுவாங், கோத்தா திங்கி, ஜோகூர் பாரு, சிங்கப்பூர் என்று போய்ச் சேர்ந்துவிடும். ஒருவர் கூடாரத்துக்கும் நாற்காலிக்கும் ஆள் பிடிப்பார். இன்னொருவர் தேவாரம் பாட வருகிறவருக்குச் சொல்லிவிடுவார். மூன்றாமவர் வண்டியில் இடம் இருக்கிறது, யார் வருகிறீர்கள் என்று கேட்பார். அந்தக் குழுவில் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தச் செய்தி உண்மைதானா என்று யாரும் கேட்பதில்லை.

அதே குழுவில் மறுநாள் இன்னொரு செய்தி வரும். ஐந்நூறு வெள்ளி போட்டால் ஒரு வாரத்தில் இரண்டாயிரமாகத் திரும்பும், நேற்று எனக்கு வந்தது, இதோ வங்கிப் படம் என்று இருக்கும். அதையும் கேள்வி கேட்காமல் நம்புகிறவர்கள் உண்டு. இறப்புச் செய்தியை நம்பியதில் ஒரு தலைமுறையின் பழக்கம் இருக்கிறது. பண முதலீட்டை நம்பியதில் அந்தப் பழக்கத்தைத் திருடி வாழும் ஒருவனின் கைவரிசை இருக்கிறது. இணையத்தில் உறவும் நம்பிக்கையும் எப்படி உருவாகின்றன என்ற கேள்வியை இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில் வைத்துப் பார்ப்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

மெர்சிங்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் ஏறத்தாழ 78 ஆயிரம் பேர். பெரும்பான்மையோர் மலாய்க்காரர்கள், அடுத்துச் சீனர்கள், தமிழர்கள் மிகச் சிறிய தொகை. மீன்பிடித்தல், பெல்டா நிலக்குடியேற்றச் செம்பனைத் திட்டங்கள், தீவுகளுக்குப் போகும் பயணிகள் ஆகியவைதான் ஊரின் பிழைப்பு. தியோமான் தீவு பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது என்றாலும் அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் மெர்சிங் படகுத்துறைக்குத்தான் வருகிறார்கள். ஆற்று முகத்துவாரம் ஆழம் குறைந்தது. அதனால் படகு எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதைக் கடலின் ஏற்றவற்றம் முடிவு செய்கிறது. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் கடல் கொந்தளிக்கும், படகுகள் குறையும், தீவு விடுதிகள் பல மூடிவிடும். ஜோகூர் பாரு இங்கிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். குளுவாங் போக வேண்டுமென்றால் ஜெமாலுவாங், காஹாங் வழியாகச் செம்பனைக்காட்டு நடுவே போக வேண்டும். பெருமழைக் காலத்தில் அந்தச் சாலையில் தண்ணீர் ஏறி வண்டி போக முடியாமல் போவதும் உண்டு.

இப்படிப்பட்ட ஊரில் தகவல் என்பது உயிர்ப் பிரச்சினை. இன்று படகு உண்டா, சாலை திறந்திருக்கிறதா, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்த ஒருவரைக் கேட்க வேண்டும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வசிக்கும் தமிழர் வாசலில் இறங்கினால் இன்னொரு தமிழரைப் பார்த்துவிடுவார். மெர்சிங்குக்கு மாற்றலாகி வரும் ஆசிரியைக்கோ தாதிக்கோ முதல் மாதம் மளிகைக்கடை எங்கே, கோயில் எங்கே, பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தர யார் இருக்கிறார்கள் என்று கேட்கவே கைப்பேசிதான் துணை. தோட்டங்களை விட்டு வெளியேறியவர்களின் நிலைமையும் இதுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வந்த பிறகு, ஜோகூர்த் தோட்டங்களில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் பாசிர் கூடாங், மாசாய், ஸ்கூடாய், சிங்கப்பூர் என்று சிதறின. இன்று அந்தத் தோட்டத்தின் பெயர் பல இடங்களில் ஒரு புலனக் குழுவின் பெயராக மட்டும் உயிரோடு இருக்கிறது.

முன்பு யார் இணைத்தார்கள்?

முகம் தெரியாதவர்களோடு உறவு வைப்பது இணையம் வந்த பிறகு தோன்றிய பழக்கம் என்று நினைப்பது தவறு. மலாயாத் தமிழருக்கு அது பழகிய ஒன்று. 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' 1950களில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியை நடத்தியது. எங்கோ ஒரு தோட்டத்தில் இருந்த பள்ளிப்பிள்ளை எழுதியது வேறொரு மாநிலத்தில் அச்சில் படிக்கப்பட்டது. பெயரும் ஊரும் மட்டும் தெரிந்த இளைஞர்கள் கடிதம் எழுதிக்கொண்டு, பிறகு மன்றங்களாகக் கூடினார்கள். மலேசியத் தமிழ் எழுத்தாளர்களில் ஒரு தலைமுறையே அங்கிருந்து வந்தது. வானொலியும் அப்படித்தான். பாடலை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களும் ஊர்களும் வாசிக்கப்பட்டபோது, வீட்டில் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு அந்தப் பெயர்கள் பழகின முகங்கள்போல ஆகின.

பணத்தை நடுவில் வைத்து வளர்ந்த நம்பிக்கைக்கு இன்னும் பெரிய சான்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் அதைத் தொடங்கினார். அவர் தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி போடுங்கள் என்று தொழிலாளர்களைக் கேட்டார். நாள் கூலிக்குப் பால்மரம் சீவியவர்களுக்குப் பத்து வெள்ளி பெரிய தொகை. ஆனாலும் அவர்கள் கொடுத்தார்கள். கேட்டவரின் முகத்தை அவர்கள் பார்த்திருந்தார்கள். கொடுத்ததற்குக் கணக்கு இருந்தது. பிறகு கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டபோது, பணம் எங்கே போனது என்பதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய பதில் கிடைத்தது. முகம், கணக்கு, கண்ணுக்குத் தெரியும் பலன் ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் அந்தச் சங்கம் நின்றிருக்காது. இணையத்தில் இன்று வெற்றிபெறும் குழுக்களையும் இந்த மூன்றைக்கொண்டே அளக்கலாம்.

இணையம் வந்ததும் முதலில் கூடியவர்களில் தமிழர்களும் உண்டு. 1990களின் நடுவில் மலேசியாவில் பிறந்து சிட்னியில் குடியேறிய பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மின்னஞ்சல் குழுவில், ஐந்து கண்டங்களில் இருந்தவர்கள் தமிழிலேயே எழுதினார்கள். அதற்கு வேண்டிய மென்பொருள்களில் ஒன்றான முரசு அஞ்சலைத் தந்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். அந்தக் குழுவில் அரட்டையும் சண்டையும் நிறைய இருந்தன. ஆனால் அந்த வட்டத்திலிருந்து வளர்ந்தது மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய அதற்குச் சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் தலைமை ஏற்றார். பழந்தமிழ் நூல்களை ஒருவர் தட்டச்சு செய்தார், வேறொரு நாட்டில் இருந்தவர் பிழை திருத்தினார், முடிந்ததும் நூலின் முகப்பில் இருவர் பெயரும் ஏறியது. யாருக்கும் சம்பளம் இல்லை. பலர் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே நூற்றுக்கணக்கான நூல்கள் இணையத்தில் ஏறின. இந்தப் பணியை இவ்வளவு நம்பிக்கையோடு நடத்த வைத்தது எது? மற்றவர் செய்த வேலையைச் சரிபார்க்க முடிந்தது என்பதுதான். தட்டியவர் எப்படிப்பட்ட மனிதர் என்று தெரிய வேண்டியதில்லை. அவர் தட்டிய வரி மூலத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். நூறு பக்கம் பொருந்தினால் நூற்றோராம் பக்கத்தைத் தயங்காமல் நம்பலாம்.

ஆய்வாளர்கள் கண்டது

உறவும் நம்பிக்கையும் எப்படி உருவாகின்றன என்ற கேள்விக்குச் சமூகவியலில் நீண்ட வரலாறு இருக்கிறது. நமக்குப் பயன்படும் நான்கு ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன்.

1973இல் மார்க் கிரானோவெட்டர் எழுதிய ஒரு கட்டுரை இன்றுவரை பேசப்படுகிறது. அமெரிக்காவில் நியூட்டன் என்ற நகரில் தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான். மற்ற எல்லாரும் எப்போதாவது, அல்லது அரிதாகப் பார்க்கும் ஒருவரிடமிருந்தே தகவல் பெற்றிருந்தார்கள். நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். கொஞ்சம் தள்ளி இருக்கிறவர்தான் புதுச் செய்தி கொண்டு வருகிறார். மெர்சிங்கில் பள்ளி முடித்த பையனுக்குப் பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி பெரும்பாலும் அப்பாவின் பழைய தோட்டக் குழுவில் இருக்கும் யாரோ ஒரு மாமாவிடமிருந்துதான் வருகிறது. சிறு ஊருக்கு இணையம் தந்த மிகப் பெரிய கொடை இந்தத் தூரத்து உறவுதான் என்பேன்.

கனடாவில் டொராண்டோவுக்கு அருகே புதிதாகக் கட்டிய ஒரு குடியிருப்பில் 1990களின் இறுதியில் கீத் ஹாம்ப்டனும் பாரி வெல்மனும் செய்த ஆய்வு இன்னொன்று. 109 வீடுகளில் 64 வீடுகளுக்கு அதிவேக இணைய இணைப்பும் பொதுவான மின்னஞ்சல் குழுவும் கிடைத்தன. மற்றவற்றுக்குக் கிடைக்கவில்லை. இணைப்பு இருந்தவர்கள் சராசரியாக 25 அண்டைவீட்டாரை அறிந்திருந்தார்கள். இல்லாதவர்கள் 8 பேரைத்தான் அறிந்திருந்தார்கள். இணையம் மனிதரை வீட்டுக்குள் அடைத்துவிடும் என்று அந்தக் காலத்தில் பலர் அஞ்சினார்கள். இங்கே அண்டை வீட்டுக்குப் போகும் வழியாக அது இருந்தது. வீடு கட்டிய நிறுவனத்தின் குறைகளுக்கு எதிராக அவர்கள் ஒன்றுகூடியதும் அந்தக் குழு வழியாகத்தான்.

நம் நாட்டிலேயே நடந்த ஆய்வு ஒன்று இதைவிட நெருக்கமானது. சிலாங்கூரின் சுபாங் ஜெயாவில் 1999 வாக்கில் குடியிருப்பாளர்கள் தங்களுக்கென்று ஓர் இணையக் களம் வைத்துக்கொண்டார்கள். அதை நடத்தியவர் பின்னாளில் ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினரான ஜெப் ஊய். மானுடவியலாளர் ஜான் போஸ்டில் 2003, 2004இல் அங்கே தங்கி ஆராய்ந்து 2011இல் நூல் வெளியிட்டார். அவர் கண்டது பெரிய தத்துவம் எதுவும் இல்லை. மக்கள் குற்றங்களைப் பற்றிப் பேசினார்கள், வரியைப் பற்றிப் பேசினார்கள், சாக்கடையைப் பற்றிப் பேசினார்கள். அப்படிப் பேசியவர்கள் ஒருநாள் நகராண்மைக் கழகத்தின் முன் ஒன்றாக நின்றார்கள். சாதாரணப் பிரச்சினைதான் இனம் கடந்து அவர்களை ஒட்டவைத்தது. ஒரு தமிழர், ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர் மூவரும் அரசியலைப் பற்றிப் பேசினால் மூன்று திசையில் போகலாம். அடைத்துக்கொண்ட சாக்கடையைப் பற்றிப் பேசினால் ஒரே திசைதான். மெர்சிங் போன்ற ஊரில் இது மிக முக்கியம். இங்கே தமிழர்கள் தமிழர்களோடு மட்டும் பேசும் குழு போதாது. படகு நேரத்தையும் ஆற்று நீரையும் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் மலாய் பேசும் மீனவராகவோ கடைக்காரராகவோ இருப்பார்.

தமிழ்நாட்டைப் பற்றி ஸ்ரீராம் வெங்கட்ராமன் 2017இல் எழுதிய நூல் எச்சரிக்கையாக இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் சூழ்ந்த ஊர்களில் பதினைந்து மாதம் தங்கி, அந்த இடத்துக்குப் பஞ்சகிராமி என்று புனைபெயர் இட்டு எழுதினார். புதிய ஊடகம் பழைய சமூகத்தை உடைக்கவில்லை என்பது அவர் கண்டது. குடும்பமும் சாதியும் வர்க்கமும் அங்கேயும் கோடு போட்டு நின்றன. அறியாதவர்களை அண்ணா, அக்கா என்று அழைத்து உறவாக்கிக்கொள்ளும் நம் வழக்கமும் அங்கே தொடர்ந்தது. மலேசியாவில் நிலைமை வேறு என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் தோட்டத்துக் குழுக்களில் யார் பேசுகிறார்கள், யார் வாசித்துவிட்டு மௌனமாக இருக்கிறார்கள் என்று பார்த்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. முன்பு தண்டலாகவும் கங்காணியாகவும் இருந்தவர்களின் பிள்ளைகள் இங்கேயும் உரக்கப் பேசுகிறார்கள்.

வெள்ளம், வெள்ளைக் கொடி

நம்பிக்கை எவ்வளவு வலுவானது என்பது நெருக்கடியில்தான் தெரியும். 2023 மார்ச் தொடக்கத்தில் ஜோகூரில் பெருவெள்ளம் வந்தது. உச்சத்தில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தற்காலிக நிவாரண மையங்களில் இருந்தார்கள். செகாமாட், பத்து பகாட், குளுவாங் பெரும்பாடு பட்டன. மெர்சிங் மாவட்டமும் தப்பவில்லை. இப்படிப்பட்ட நாளில் புலனக் குழுவில் நடப்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். காலையில் ஒருவர் பாலத்தின் கீழே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று படம் போடுவார். நல்ல குழுவாக இருந்தால் உடனே இன்னொருவர் எத்தனை மணிக்கு எடுத்தது, எந்தப் பாலம், எந்தப் பக்கமிருந்து என்று கேட்பார். படம் போட்டவர் கோபப்படாமல் நேரத்தைச் சொல்லித் திரும்பவும் எடுத்துப் போடுவார். மூன்றாவது ஆள் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் பக்கத்தில் ஆற்று மட்டம் என்ன என்று பார்த்து எண்ணைச் சேர்ப்பார். அந்த மூன்று செய்திகளுக்குப் பிறகு வண்டி எடுப்பதா வேண்டாமா என்று முப்பது குடும்பம் முடிவு செய்யும். மோசமான குழுவில் நான்கு வருடத்துக்கு முந்தைய வெள்ளப் படம் ஐந்து பேரால் பகிரப்படும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இரண்டு குழுவிலும் இருப்பது ஏறத்தாழ ஒரே மனிதர்கள்தான். கேள்வி கேட்பது அவமரியாதை அல்ல என்ற பழக்கம் ஒன்றில் இருக்கிறது, மற்றொன்றில் இல்லை.

2021இல் நாடு முழுவதும் நடந்ததையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் முழுமையான நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, வேலையும் வருமானமும் இல்லாமல் மக்கள் தவித்தபோது, உதவி வேண்டுவோர் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டலாம், வெட்கப்பட வேண்டாம் என்ற அழைப்பு சமூக ஊடகங்களில் பரவியது. 'பெண்டேரா பூத்தே', அதாவது வெள்ளைக் கொடி, என்று அது பெயர் பெற்றது. கொடி கட்டிய வீடுகளையும் உணவு கிடைக்கும் இடங்களையும் வரைபடத்தில் காட்டும் 'சம்பல் எஸ்ஓஎஸ்' என்ற செயலியை மாணவர்கள் உருவாக்கினார்கள். அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2020 மார்ச்சில், எழுத்தாளர் ஹன்னா அல்காப் தொடங்கிய 'கித்தா ஜாகா கித்தா' கொடுப்பவர்களையும் தேவைப்பட்டவர்களையும் இணைத்திருந்தது. வெள்ளைக் கொடி வென்றதற்குக் காரணம் இணையம் மட்டும் இல்லை. கொடி தெருவில் தொங்கியது. எதிர்வீட்டுக்காரர் அதைப் பார்த்தார், அரிசி கொண்டுபோனார், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று நேரில் அறிந்தார். பொய் சொல்வதற்கு அங்கே இடம் குறைவு. இணையம் அழைப்பை எடுத்துச் சென்றது, சரிபார்த்தது தெரு.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போதும் இதுதான் நடந்தது. அறிமுகமே இல்லாத இளைஞர்கள் பொதுவான இணையத் தாள்களில் யாருக்கு எங்கே உதவி வேண்டும், யார் வீட்டில் தங்க இடம் உண்டு என்று பதிந்தார்கள். ஒவ்வொரு வரியையும் யாரோ ஒருவர் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்ய வேண்டியிருந்தது. அழைக்காத வரிகள் பயன்படவில்லை.

பணமும் வதந்தியும்

இனி இருண்ட பக்கம். இதில் சற்று அதிகமாகவே நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் சமூகம் இழந்துகொண்டிருப்பது இங்கேதான்.

தோட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்து கூட்டு, அதாவது சீட்டு, போடுவது நம் பாட்டிகளுக்குத் தெரிந்த கலை. திருமணம், பள்ளிச் செலவு, கன்று வாங்குவது எல்லாம் அதில் நடந்தன. அதையே தொழிலாக நடத்தி ஏமாற்றியவர்கள் பெருகியதால், 1971இல் கூட்டு நிதி தடைச் சட்டம் வந்தது. இன்று கூட்டு, முகம் தெரியாத குழுக்களுக்கு மாறிவிட்டது. நடத்துகிறவர் எங்கோ இருப்பார், பங்கு போட்டவர்கள் நாலா மாநிலத்திலும் இருப்பார்கள், கை மாறிய பணம் 'கெல்டாய்' எனப்படும் பிறர் பெயரிலான வங்கிக் கணக்குகள் வழியாக மறைந்துபோகும். லயத்தில் ஏமாற்றியவன் மறுநாள் காலை அதே தண்ணீர்க் குழாயடிக்கு வந்தாக வேண்டும். அந்தப் பயம் இல்லாமல் போனதுதான் வித்தியாசம். இணைய மோசடிகளில் மலேசியர்கள் இழக்கும் தொகை அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு நூறு கோடி வெள்ளியைத் தாண்டிவிட்டது. 2022 அக்டோபரில் 997 என்ற எண்ணோடு தேசிய மோசடி எதிர்ப்பு மையம் தொடங்கப்பட்டது. பணம் போனவுடன் அழைத்தால் அது மற்றக் கணக்குகளுக்குப் போவதைத் தடுக்க வாய்ப்பு உண்டு. காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் ஒரு வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ இட்டு, அதன்மேல் புகார் இருக்கிறதா என்று பார்க்கலாம். இந்த இரண்டையும் தெரிந்து வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் குறைவு என்பது வருத்தமான உண்மை.

வதந்தி அடுத்தது. ராய்ட்டர்ஸ் நிலையத்தின் 2017 ஆய்வில், செய்தியைப் பகிரவும் பேசவும் வாட்ஸ்அப்பைப் பயன்படுத்துவதாகச் சொன்ன மலேசியர்கள் 51 விழுக்காடு. உலகின் பல நாடுகளைவிட அது மிக அதிகம். மறு ஆண்டு நவம்பர் இறுதியில் சுபாங் ஜெயாவில் சீபீல்ட் மாரியம்மன் கோயில் கலவரம் நடந்தபோது அதன் விளைவைப் பார்த்தோம். யார் பேசுகிறார் என்று தெரியாத குரல் பதிவுகளும் பழைய படங்களும் இரவெல்லாம் ஓடின. குடியிருப்பாளர் இணையக் களம் இனங்களை ஒட்டவைத்த அதே ஊரில், இன்னொரு வகை இணையப் பேச்சு இனங்களைப் பிரிக்கப் பார்த்தது. கருவி ஒன்றுதான். ஒன்றில் பேசுகிறவர் யார் என்று தெரிந்தது, மற்றொன்றில் தெரியவில்லை. 2019 தொடக்கத்தில் ஒரே செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பலமுறை அனுப்பப்பட்ட செய்திகளுக்கு இன்னும் இறுக்கம் வந்தது. அது உதவியது, ஆனால் குணப்படுத்தவில்லை.

இதிலெல்லாம் பெண்கள் கொடுக்கும் விலை தனி. ஒரு புலனக் குழுவில் சேர்ந்ததும் அவர்களுடைய எண் எல்லாருக்கும் தெரிகிறது. இரவு பதினொரு மணிக்கு வணக்கம் அனுப்புகிறவனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் மௌனமாக வெளியேறியவர்கள் பலர். 2024 ஜூலையில் டிக்டாக்கில் நம் மக்களுக்கு நன்கு தெரிந்த ஓர் இளம்பெண், தொடர்ந்து இழிவுபடுத்தப்பட்டு, உயிரை மாய்த்துக்கொண்டார். அவரைப் புண்படுத்தியதாக ஒப்புக்கொண்ட ஒருவருக்கு விதிக்கப்பட்டது 100 வெள்ளி அபராதம். நாடே கொதித்தது. பகடிவதையைக் குற்றமாக்கும் திருத்தங்கள் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2025இல் நடைமுறைக்கு வந்தன. சட்டம் வந்தது நல்லது. ஆனால் அந்தப் பெண்ணை இழிவுபடுத்திய நேரலைகளை அமர்ந்து பார்த்தவர்களும் தமிழர்கள்தான். ஒரு பெண் பயமில்லாமல் பேச முடியாத குழுவை நான் சமூகம் என்று ஏற்க மாட்டேன்.

எது நிற்கிறது

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது ஒன்றுதான். இணையத்தில் நம்பிக்கை பேச்சினால் பிறப்பதில்லை. காலை வணக்கமும் பூப்படமும் ஆயிரம் பரிமாறினாலும், பணமோ உயிரோ பணயமாகும்போது அவை கைகொடுப்பதில்லை. மற்றவர் சரிபார்க்கக்கூடிய சிறு வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் நம்பிக்கை பிறக்கிறது. மதுரைத் திட்டத்தில் அது ஒரு பக்கத் தட்டச்சு. வெள்ளத்தில் அது நேரம் குறித்த ஒரு படம். கோயில் திருவிழாவில் அது அன்னதானத்துக்கு வந்த தொகையும் அரிசிக்கடை ரசீதும். எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் எழுதிய நூலில், சுவிஸ் மலைக்கிராமத்து மேய்ச்சல் நிலம் முதல் ஸ்பெயின் பாசனக் கால்வாய்கள் வரை நூற்றாண்டுகள் நின்ற பொதுச் சொத்துகளை ஆராய்ந்து, யார் உறுப்பினர் என்ற தெளிவும், ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் வழியும், தவறுக்கு முதலில் சிறிய தண்டனையும் இருந்த இடங்களே நிலைத்தன என்று காட்டினார். அதற்காகப் பின்னர் நோபல் பரிசும் பெற்றார். புலனக் குழுவுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. 2022இல் வாட்ஸ்அப் ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம் என்றது. மனிதர் ஒருவரால் உண்மையாகத் தெரிந்துவைக்கக்கூடிய உறவுகள் 150 அளவில்தான் என்று ராபின் டன்பார் 1990களிலேயே சொல்லியிருந்தார். ஆயிரம் பேர் குழுவில் பொய் சொன்னவரைத் திருத்த ஆள் இல்லை. எண்பது பேர் குழுவில் அவருடைய தங்கையே அழைத்துக் கேட்பாள்.

ஆகவே மெர்சிங் போன்ற சிறு ஊர்களுக்குப் பலவீனம் என்று நாம் நினைப்பது உண்மையில் பலம். இங்கே தமிழர்கள் குறைவு. எல்லாரையும் இரண்டு கை தாண்டினால் நேரில் பார்த்துவிடலாம். குழுவில் எழுதுகிறவர் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருவார், சந்தையில் மீன் வாங்குவார். ஒவ்வொருவரும் சொன்னதற்குப் பொறுப்பேற்றே தீர வேண்டும். கோலாலம்பூரின் பெரிய குழுக்களுக்குக் கிடைக்காத வசதி இது. இதை வீணாக்கக் கூடாது.

மெர்சிங்கிலும் எண்டாவிலும் ஜெமாலுவாங்கிலும் புலனக் குழு நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. நவம்பர் பிறப்பதற்குள் தனியாக வாழும் முதியவர்களின் பட்டியலை எடுங்கள். யார் யாரைப் போய்ப் பார்ப்பது என்று பெயர் போட்டு முடிவு செய்யுங்கள். நிர்வாகிகளில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பணம் திரட்டினால் ரசீதோடு கணக்கை மாதம் ஒருமுறை குழுவிலேயே போடுங்கள், கேள்வி கேட்பவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து மலாய்க் குடும்பத்தின் எண்ணையும் மீனவர் ஒருவரின் எண்ணையும் பட்டியலில் சேருங்கள். 997 என்ற எண்ணைக் குழுவின் விளக்கப் பகுதியில் இன்றே எழுதி வையுங்கள்.